தாளா, பலகையா, காணொளியா? செய்முறை எழுத வருகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

வேலூரில் எழுத்து வேலையோ வடிவமைப்பு வேலையோ பார்ப்பவரிடம் தொழில்நுட்பச் செய்முறைகளை விளக்கித் தரும் வேலை வரும்போது பாதி முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருக்கும். மருத்துவமனையிலிருந்து வருகிறவர் "ஒரு நோட்டீஸ் அடிச்சுக் குடுங்க" என்பார். ராணிப்பேட்டைத் தோல் தொழிற்சாலைக்காரர் "ஒரு போர்டு வேணும்" என்பார். பம்ப்செட் விற்கிறவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிற மாதிரி ஒரு வீடியோ வேண்டும். என்ன சொல்லப் போகிறோம் என்று யாரும் உட்கார்ந்து பேசியிருக்க மாட்டார்கள். எதில் சொல்வது என்பது மட்டும் முடிவாகியிருக்கும். அந்த முடிவை அப்படியே ஏற்றுக்கொண்டு வேலையைத் தொடங்கினால், பிறகு எவ்வளவு நன்றாக எழுதினாலும் வரைந்தாலும் பயன் குறைவு.

செய்தி எழுதியவருக்கும் விளம்பரம் வடிவமைத்தவருக்கும் இந்தத் துறை புதிதாகத் தோன்றுவதற்குக் காரணம் ஒன்றுதான். இங்கே வாசகர் படிப்பதற்காக வருவதில்லை, ஒரு வேலையை முடிக்க வருகிறார். பாதியில் படிப்பார், நடுவில் தொடங்குவார், ஒரு வரியைப் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். அவர் அந்த வேலையைச் சரியாகச் செய்தாரா என்பதை வைத்துத்தான் எழுத்தை மதிப்பிட வேண்டும்.

தாள், பலகை, காணொளி மூன்றில் எது என்று கேட்டால் பலரும் வாசகரின் படிப்பை வைத்துப் பதில் சொல்கிறார்கள்: படித்தவருக்குத் தாள், படிக்காதவருக்குப் படம், இளைஞருக்கு வீடியோ. இந்தக் கணக்கு தப்பு. ரப்பர் கையுறையோடு ரசாயனம் கலக்கும்போது பட்டதாரியாலும் மடித்த தாளைப் பிரிக்க முடியாது. ஐந்தாவது படித்த அம்மா, கணவருக்குக் கொடுக்கிற மருந்துத் தாளை வீட்டில் பத்துமுறை எழுத்துக்கூட்டிப் படிப்பார். தேவைப்படும் அந்த நொடியில் வாசகர் எங்கே நிற்கிறார், கையில் என்ன இருக்கிறது, தவறினால் எவ்வளவு நேரத்தில் பாதிப்பு வரும் என்ற மூன்றையும் கேட்டுவிட்டால் பெரும்பாலான முடிவுகள் தாமாக விழுந்துவிடும்.

வீட்டுக்குப் போகும் தாள்

வேலூர் மருத்துவமனைகளுக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காட்பாடியில் ரயில் ஏறிய பிறகு அவர்கள் திரும்பக் கேட்க நர்ஸம்மா பக்கத்தில் இல்லை. இப்படித் தனியாக, அவகாசத்தோடு, திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய விஷயத்துக்குத் தாளை மிஞ்ச எதுவும் இல்லை. குறிப்பாக, எண்களுக்கு.

இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் குப்பியில் வரும் இன்சுலின் இரண்டு செறிவுகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். முன்னதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, பின்னதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மில்லி, அதாவது 8 யூனிட்தான். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் 0.5 மில்லி, 50 யூனிட் போய்விடும். முதல் தவறில் சர்க்கரை குறையாது. இரண்டாவதில் அபாயகரமாகத் தாழ்ந்து மயக்கம் வரும், உயிரே போகலாம். 

இதை வண்ணத்தில் அழகாக அச்சடித்துவிட்டு வடிவமைப்பாளர் நிம்மதியாக இருக்க முடியாது. அந்தத் தாள் ஜெராக்ஸ் கடைக்குப் போகும். கறுப்பு வெள்ளையில் சிவப்பும் ஆரஞ்சும் ஒரே சாம்பல் நிறம். ஆகவே நிறத்தோடு "சிவப்பு மூடி" என்ற சொல்லும், 40 என்ற எண்ணும், சிரிஞ்சின் கோட்டுப் படமும் சேர்ந்தே இருக்க வேண்டும். மூன்றில் எது அழிந்தாலும் மற்ற இரண்டு நிற்கும். நோயாளியின் அளவை எழுத ஒரு கட்டம் விடுங்கள், அதற்குப் பக்கத்திலேயே "குப்பியில் எழுதியிருப்பது 40ஆ, 100ஆ?" என்று டிக் அடிக்கும் இடமும் வேண்டும். 

தாளில் இன்னொரு பொறி, வேறு ஊருக்கு எழுதியதை இங்கே கொண்டுவருவது. திறந்த இன்சுலினை "அறை வெப்பநிலையில்" வைக்கலாம் என்று ஆங்கிலத் தாள் சொல்லும். அங்கே நினைப்பது 25 டிகிரி. வேலூரில் மே மாதம் வெளியே 40ஐத் தாண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வீட்டுக்குள் சூடு இன்னும் கூடுதலாகவே இருக்கும். தமிழாக்கியவர் சொல்லுக்குச் சொல் சரியாக எழுதியிருந்தாலும் மருந்து கெட்டுப்போகும். "30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில், வெயில் படாமல்" என்று எழுதி, ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு வழியும் சொல்ல வேண்டும்: ஈரமணல் நிரப்பிய மண்சட்டிக்குள் சின்னப் பானையை வைத்து, மருந்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அந்தப் பானைக்குள் வைப்பது. திறந்த குப்பியைப் பொதுவாக நான்கு வாரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பதால், திறந்த தேதி எழுத ஒரு கோடும் வேண்டும். இப்படிப்பட்ட உள்ளடக்கத்தை மருத்துவரோ மருந்தாளுநரோ பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும். 

அச்சு விவரத்தில் சுருக்கமாக: ஏ4 தாளை மூன்றாக மடித்தால் மூன்று பங்கும் சமமாக இருக்கக் கூடாது. உள்ளே மடிகிற பங்கு 97 மி.மீ., மற்ற இரண்டும் 100 மி.மீ. என்று வைத்தால்தான் மடிப்பு முட்டாது. தமிழ் எழுத்து 12 புள்ளிக்குக் குறையாமலும் வரி இடைவெளி ஒன்றரை மடங்காகவும் இருக்கட்டும். கொக்கிகளும் சுழிகளும் மேல்வரியின் காலில் போய் இடித்தால் வயதானவர் படிக்கத் திணறுவார். ஆங்கிலத் தாளிலிருந்து தமிழுக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்கு இடம் கூடுதலாகத் தேவைப்படும் என்று முதலிலேயே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசி நேரத்தில் எழுத்தைச் சிறிதாக்குவார்கள், புள்ளிகள் மறைந்துபோகும்.

வேலை நடக்கும் இடத்துப் பலகை

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் (தோல் பதனிடும் ஆலைகளில்) தாள் எதற்கும் ஆகாத ஒரு சூழல் உண்டு. தோலில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறார்கள். பிறகு, பதனிடும் முன் தோலை அமிலத்தன்மைக்குக் கொண்டுவரும் பிக்கிள் கட்டத்தில் உப்போடு அமிலம் வருகிறது. சல்பைடு கலந்த கழிவுநீர் காரத்தன்மையோடு இருக்கும்வரை அடங்கிக் கிடக்கும். அதில் அமிலக் கழிவு சேர்ந்ததும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியிலும் தொட்டியிலும் தங்கும். 

அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். "நாற்றம் வந்தால் வெளியேறவும்" என்று மட்டும் எழுதினால் அதுவே ஆபத்து. காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும்; நாற்றம் நின்றுவிட்டது, வாயு போய்விட்டது என்று உள்ளே இருக்கிறவர் நினைப்பார். ஆகவே பலகையில் "நாற்றம் நின்றாலும் வாயு இருக்கும்" என்ற வரி கட்டாயம். அதைவிட முக்கியமான வரி ஒன்று: "உள்ளே விழுந்தவரைத் தூக்க இறங்காதே. கூப்பிடு." தொட்டி விபத்துகளில் முதலில் விழுந்தவரைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து இறப்பது திரும்பத் திரும்ப நடக்கிறது. இந்த இரண்டு வரிக்காகத்தான் பலகை. வாயுவின் வேதியியல், சட்டப்பிரிவு, நிறுவனத்தின் உறுதிமொழி எல்லாம் அதில் ஏறினால் இந்த இரண்டும் மூழ்கிவிடும். அவற்றுக்கு 16 பகுதிகள் கொண்ட ரசாயனப் பாதுகாப்புத் தரவுத்தாள் இருக்கிறது. அது அலுவலகத்திலும் கிடங்கிலும் இருக்கட்டும்.

பலகை எங்கே நிற்கிறது என்பது அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதற்குச் சமமான முக்கியத்துவம் கொண்டது. வரவேற்பறைச் சுவரில் மாட்டினால் ஆய்வுக்கு வருகிறவர் மட்டுமே படிப்பார். குழிக்குப் போகும் வழியில், மூடியைத் தொடும் முன்பே கண்ணில் படும்படி, தரையிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் வையுங்கள். மூன்று மீட்டர் தூரத்திலிருந்து படிக்க எழுத்து உயரம் குறைந்தது 15 மி.மீ. வேண்டும், வெளிச்சம் மங்கலான ஷெட்டில் 25 மி.மீ. இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே ஏ3 அளவில் ஆறேழு வரிக்கு மேல் இடமில்லை என்று தெரிந்துவிடும். எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல கடிவாளம் கிடையாது.

நிறமும் வடிவமும் சர்வதேசத் தரப்படி: தடை என்றால் சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும், எச்சரிக்கை என்றால் மஞ்சள் முக்கோணம், கட்டாயம் என்றால் நீல வட்டம், தப்பும் வழி என்றால் பச்சை. கம்பெனி லோகோவின் நிறத்துக்குப் பொருந்தவில்லை என்று இவற்றை மாற்றித் தரச் சொல்வார்கள். மறுத்துவிடுங்கள். பொருளைப் பற்றியும் ஒரு சொல்: லேமினேட் செய்த தாள் இந்த ஈரத்திலும் ஆவியிலும் விளிம்பு வழியாகத் தண்ணீர் குடித்து ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. வினைல் அச்சை அலுமினியக் கலப்புத் தகட்டில் ஒட்டி, துருப்பிடிக்காத திருகாணியால் முடுக்குவது நிற்கும்.

பலகையின் குறை, அது ஒன்றைத்தான் சொல்லும். பத்துப் படிகள் கொண்ட வேலையை அதில் ஏற்றினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதோடு, தினம் பார்க்கிற பலகை சில வாரங்களில் சுவரோடு சுவராகிவிடும்.

கைபேசிக் காணொளி

இப்போது எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அசைவு இருக்கும் இடத்தில் இது தாளையும் பலகையையும் வென்றுவிடும். வாயு முகமூடியின் பட்டையை எந்த வரிசையில் இழுப்பது, வடிகட்டியின் வாயை உள்ளங்கையால் மூடி மூச்சிழுத்து முகமூடி முகத்தோடு ஒட்டுகிறதா என்று பார்ப்பது, இன்சுலின் ஊசிக்குத் தோலை எவ்வளவு கிள்ளிப் பிடிப்பது: இவற்றை எழுதினால் அரைப் பக்கம், காட்டினால் பத்து விநாடி.

ஆனால் எண்களைக் காணொளி கையில் தங்கவிடாது. 40ஆ 100ஆ என்று பார்க்க ஒருவர் ஒன்றரை நிமிடப் படத்தை முன்னும் பின்னும் இழுக்க மாட்டார். நினைவில் இருப்பதை நம்பிவிடுவார். இன்னொன்றும் உண்டு, இது கண்டிப்பான விதி: நோயாளிக்கான மருந்தளவைக் காணொளியில் சொல்லக் கூடாது. அது குடும்பக் குழுவில் போகும், அங்கிருந்து பக்கத்து வீட்டுக்குப் போகும், ஒருவருக்கான அளவை இன்னொருவர் போட்டுக்கொள்வார்.

தொழிற்சாலையில் வேறு தடைகள். டிரம் சுழலும் சத்தத்தில் குரல் கேட்காது, ஆகவே எழுத்தும் திரையில் வேண்டும். கரைப்பான் தெளிக்கும் ஃபினிஷிங் பகுதியில் தீப்பொறி அபாயம் காரணமாகக் கைபேசிக்கே இடமில்லை. எனவே வேலைக்குச் சேருகிற நாளில் பயிற்சிக்குக் காணொளி, வேலை நொடியில் பலகை என்று பிரிப்பதுதான் சரி.

தயாரிக்கும்போது முழுப் படத்தை ஒரே ஓட்டத்தில் எடுக்காதீர்கள். ஒரு படிக்கு ஒரு துண்டு, குரல் தனிப் பதிவு. நாளைக்கு ஒரு வால்வு மாறினால் அந்தத் துண்டை மட்டும் மாற்றலாம். உருது, இந்திக் குரலையும் பிறகு சேர்க்கலாம். முகம் தெரியாமல் கைகளை மட்டும் காட்டினால், நடித்த தொழிலாளி வேலையை விட்டுப் போனாலும் படம் பழசாகாது. நீளம் 90 விநாடிக்குள்.

தாளையும் காணொளியையும் இணைக்கக் கியூஆர் குறி நல்ல பாலம். படிக்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு வேண்டும்: 30 செ.மீ. என்றால் 3 செ.மீ. சுற்றிலும் வெள்ளை ஓரம் விடுங்கள். அதை ஒட்டி லோகோ வைத்தால் கேமராவுக்குப் பிடிபடாது. அழுக்கு படும் இடத்தில் பிழைதிருத்த அளவை 30 சதவீதம் உள்ள உயர்நிலைக்கு வைத்து உருவாக்குங்கள். குறிக்குள் யூடியூப் முகவரியை நேராக வைக்காமல் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் ஒரு பக்கத்தைக் காட்டினால், காணொளியை மாற்றும்போது பலகையை மறுபடி அச்சடிக்க வேண்டியதில்லை.

இந்த ஊரின் மொழிகள்

பழைய வட ஆர்க்காடு முழுக்கத் தமிழ் மட்டும் என்று எண்ணி வடிவமைத்தால் மூன்று வடிவங்களும் சறுக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் பக்கம் உருது வீட்டுமொழி. ஆந்திர எல்லையை ஒட்டித் தெலுங்கு. தொழிற்சாலைகளில் வடமாநிலத் தொழிலாளர்கள். 

"அப்படியானால் படம் மட்டும் போதுமே" என்பார்கள். படத்துக்கும் படிக்கும் திசை உண்டு. மூன்று படங்களை இடமிருந்து வலமாக வரிசையாக வைத்தால், வலமிருந்து இடமாகப் படித்துப் பழகிய உருதுக் கண் கடைசிப் படத்திலிருந்து தொடங்கக்கூடும். "அமிலம் சேர், கலக்கு, மூடு" என்பது தலைகீழாகும். படங்களை மேலிருந்து கீழாக அடுக்கி, 1, 2, 3 என்று பெரிதாக எண் போடுங்கள்; இந்தச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். 

ஒரே பலகையில் நான்கு மொழியைத் திணிப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். எழுத்து நான்கில் ஒன்றாகச் சிறுத்து எவருக்கும் படிக்க முடியாமல் போகும். பலகைக்கு எண்ணிட்ட படமும், அந்த இடத்தில் வேலை செய்கிறவர்களின் இரண்டு மொழிகளும். தாளுக்கு மொழிக்கு ஒரு தாள்.

தமிழ் வாக்கியம் செய்கிற வேலை

எந்த வடிவத்தை எடுத்தாலும் எழுத்தாளர் கவனிக்க வேண்டியது தமிழின் இயல்பு. வினையெச்சம் நமக்கு வசதியானது: "மூடியைக் கழற்றி, வடிகட்டியை எடுத்து, கழுவி, காயவைத்து, பொருத்தவும்." அழகாக ஓடுகிறது. இதில் ஐந்து வேலைகள் ஒரே முற்றுவினைக்குள் பதுங்கியிருக்கின்றன. படிக்கிறவர் கழுவியதும் பொருத்திவிடுவார், காயவைத்தல் காணாமல்போகும். ஒரு படிக்கு ஒரு முற்றுவினை என்று உடைத்து எழுதுங்கள்.

இரண்டாவது சிக்கல், நம் எதிர்மறை வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. "அழுத்தம் குறையும் முன் வால்வைத் திறக்கக் கூடாது" என்பதில் அவசரக்காரர் "வால்வைத் திறக்க" வரை பார்த்துவிட்டுக் கையை நீட்டுவார். பலகையில் "கூடாது" என்பதைத் தலைப்பாக மேலே போட்டு அதற்குக் கீழே செயலை எழுதலாம், அல்லது நேர்மறையாகத் திருப்பலாம்: "அழுத்தமானி 0 காட்டிய பிறகே வால்வைத் திற."

மூன்றாவது, "சரிபார்க்கப்பட வேண்டும்." யார் சரிபார்ப்பது? ஃபோர்மேனா, ஆபரேட்டரா? செயப்பாட்டு வினை வந்த இடமெல்லாம் ஆளைக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிற்சாலையிலேயே அந்தப் பொறுப்பு யாருக்கும் கொடுக்கப்படவில்லை என்று பொருள். அதைக் கண்டுபிடித்துச் சொல்வதும் இந்த வேலையில் சேர்த்தி.

கலைச்சொல்லில் பிடிவாதம் வேண்டாம். டிரம், வால்வு, குரோம், பிக்கிள் என்று ஷெட்டில் சொல்வதையே எழுதுங்கள். ஒரு பொருளுக்கு ஒரு சொல். முதல் பக்கத்தில் வால்வு, மூன்றாம் பக்கத்தில் அடைப்பான் என்றால் இரண்டு பொருள் என்று தேடுவார்கள்.

எதில் தயாரிப்பது

இங்கே தேர்வு எளிது. சில அச்சகங்களில் இன்னும் பேஜ்மேக்கரும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களும்தான். அதில் அடித்ததை நகலெடுத்தால் குப்பை எழுத்து வரும், தேட முடியாது, கைபேசியில் போட முடியாது. தமிழக அரசே 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டது. மூலம் யூனிகோடில் இருக்கட்டும், அச்சகத்துக்குப் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். இன்டிசைனில் பத்தி அமைப்பியை உலக மொழிகளுக்கானதாக (World-Ready Composer) மாற்ற மறந்தால் கொம்புகள் இடம் மாறி நிற்கும். 

உள்ளடக்கத்தைத் துண்டுகளாகச் சேமித்துப் பல இடங்களில் பயன்படுத்தும் டிட்டா (DITA) போன்ற கட்டமைப்பு முறைகள், ஒரே பத்தி பல கையேடுகளில் வரும் பெரிய நிறுவனத்துக்கு. சிறிய வேலைக்கு ஒரு விரிதாள் போதும்: படிக்கு ஒரு கிடைவரிசை, மொழிக்கு ஒரு நெடுவரிசை, கடைசி நெடுவரிசையில் சரிபார்த்த தேதி. தாள், பலகை, காணொளிக் குரல் மூன்றும் அதிலிருந்தே போகட்டும். இப்படிச் செய்தால் எண் ஒன்று மாறும்போது எங்கெங்கே மாற்ற வேண்டும் என்று தேடி அலைய வேண்டியதில்லை.

அச்சுக்கு முன்

சாதாரணப் பிரிண்டரில் எடுத்த நகலோடு, உண்மையில் அந்த வேலை செய்யும் ஐந்து பேரிடம் போங்கள். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். காலிக் குப்பியையும் இரண்டு வகை சிரிஞ்சையும் மேசையில் வைத்து, "இதைப் பாத்து 20 யூனிட் எடுத்துக் காட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். கை தயங்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், அந்த வரியைத் திருத்துங்கள், வேறு ஐந்து பேரிடம் மறுபடி போங்கள். 

பலகையையும் தாளையும் அச்சடிக்கும்போது ஓரத்தில் பதிப்பு எண்ணும் மாதமும் ஆண்டும் போடுங்கள். புதியதை மாட்டுகிறவர் பழையதைக் கழற்றித் திருப்பிக் கொண்டுவந்தால்தான் பில் தொகை என்று நிறுவனத்தோடு பேசிவைத்துக்கொள்ளுங்கள். பழைய பலகை குழியின் இன்னொரு பக்கத்தில் இருந்தால், அதைப் படித்துவிட்டு இறங்க ஓர் ஆள் இருப்பார்.